வாசலில் தொங்கிய இலை

எறும்புகளின் சுரங்கத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், யார் வேண்டுமானாலும் தோண்டலாம். வாசலில் வழி எழுதிய ஓர் இலை தொங்கியது: ‘மூன்றாம் வளைவில் இடப்பக்கம் போனால் சர்க்கரை.’

அதை நம்பிப் போன வண்டு தொப்பலாக நனைந்து திரும்பியது. “அங்கே குட்டைதான் இருக்கு! யாருங்க இதை எழுதினது?”

“அது மழைக்கு முன்னாடி எழுதினது. இப்போ வலப்பக்கம். எங்க எல்லாருக்கும் தெரியுமே!” என்றது எறும்பு.

“தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க இலை?”

எறும்பு, இலையில் கீறி எழுத ஒரு முள்ளை நீட்டியது. “நீங்களே திருத்திடுங்க.”

வண்டு பெருமையாகத் திருத்திவிட்டு, அங்கேயே தங்கிவிட்டது. மறுவாரம் வலப்பக்கமும் தண்ணீர் புகுந்ததால், எறும்புகள் சர்க்கரையை மேல் அறைக்கு மாற்றின. அன்றே ஒரு மரவட்டை அத்தனை காலும் சேறாக வந்து, “யாருங்க இதை எழுதினது?” என்று கத்தியது.

“அது போன வாரம் எழுதினது. எங்க எல்லாருக்கும் தெரியு...” என்று ஆரம்பித்த வண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு முள்ளை நீட்டியது.

“அடேயப்பா, எழுத உங்களுக்கு எத்தனை கை!” என்றது, மரவட்டையின் கால்களைப் பார்த்து.