ஜன்னல் பக்கத்து இலைகள்

"தொட்டியை யாரு திருப்பினது?"

காலை எட்டரைக்கே அப்பா ஆரம்பித்துவிட்டார். வீட்டில் இருப்பது அவரும் அம்மாவும், இரண்டே பேர். இதில் யாரு என்று கேள்வி வேறு.

"நான்தான். என்ன இப்போ?" அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அம்மா.

"கை வைக்காதேன்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு."

முதல் மாடி வீடு. கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. இலையெல்லாம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கும். வீட்டுப் பக்கம் வெறும் குச்சி.

மகள் வைத்த செடி.

"வேர் தண்ணிக்கு அலையும், இலை வெளிச்சத்துக்கு அலையும்மா. ஒண்ணு மேல ஒண்ணு நிழல் விழாம, சந்து பார்த்துத்தான் விரியும். வாரம் ஒரு தடவை திருப்பி வை, எல்லாப் பக்கமும் இலை வரும்." சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

அவள் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷம்.

அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ரிட்டயர் ஆவதற்குள் ஆளைப் பிடித்து, காலைப் பிடித்து, அங்கேயே ஆபீஸில் மகளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் அதை உதறிவிட்டு, ஊர்க்கோடியில் இருக்கும் செடிப் பண்ணையில் போய்ச் சேர்ந்தாள்.

"மண்ணள்ளப் போறவ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றார்.

அவர் மகள்தானே. ரோஷத்துக்குக் கேட்கவா வேண்டும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா போன் செய்தால், "நல்லா இருக்கேம்மா." அதோடு சரி.

கூடத்தில் கரகரவென்று சத்தம். தொட்டியைப் பழையபடி திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பொண்ணைத்தான் விரட்டியாச்சு. அவ வச்ச செடியையாவது கண் குளிரப் பார்க்க விடுங்களேன். நாலு இலை என் பக்கம் திரும்பினா உங்களுக்கு எங்கே எரியுது?"

"கத்தாதே. உள்ளே போ."

"போக மாட்டேன். தொட்டி நான் வச்ச மாதிரி இருக்கணும். இல்லேன்னா இன்னைக்கே நான் அவகிட்டப் போயிடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரோரம் ஒண்டிக்கொண்டு, குச்சிகளின் இடுக்கு வழியே தெருவை எட்டிப் பார்த்தார்.

"அப்படி என்னத்தைப் பார்க்கறீங்க?" அம்மாவும் அவர் தோளுக்குப் பின்னால் எக்கினாள்.

கீழே சிக்னலில் ஒரு பஸ் வந்து நின்றது. மூன்றாவது ஜன்னலில் மகள். இளைத்திருந்தாள். இந்த ஜன்னலையே அண்ணாந்து பார்த்தாள். செடியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ஏங்க... ஏங்க, நம்ம..." அம்மா ஜன்னல் கதவைத் திறக்கப் பாய்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"தினமுமா?"

"எட்டு நாப்பத்திரண்டு. பண்ணைக்குப் போற வண்டி. ஞாயித்துக்கிழமை கிடையாது."

"பாவி மனுஷா! கதவைத் திறந்து நின்னு ஒரு கையசைச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் தொட்டியை இன்னும் ஒரு விரற்கடை கண்ணாடிப் பக்கம் தள்ளினார்.

"ஒரு நாள் நின்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. செடி மட்டும் இருந்தாத்தான் நிமிர்ந்து பார்க்கிறா."