மிதித்த கால்

"அமுக்கியே வெச்சிரு. உட்டீன்னா வண்டி என்ற மேலதான் வரும்."

சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் பின்னால் போனார்.

அவள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் கியரை அவரே ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் போட்டிருந்தார். பேட்டரி படுத்துவிட்டதாம். என்ஜின் ஓடினால்தான் ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியுமாம். ஹேண்ட்பிரேக் பேருக்கு இருந்தது. வலது காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு காலையும் குடுத்தீன்னா நீ கொழப்பிக்குவ. கிளட்சு ஒண்ணுதான். கிரைண்டர் முன்னால உக்காந்திருக்கறதா நெனச்சுக்க."

வண்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் குந்தத்தான் இடம்.

அதில் அவர் குந்தினார்.

கண்ணாடியில் முதலில் தலை தெரிந்தது. பிறகு தலையும் இல்லை.

அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

மிதித்துத்தான் இருந்தது.

பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சர்க்கரை. மாத்திரை டப்பா ஒன்றுதான். ஆனால் ஆடி மாதத்திலிருந்து அந்த உள்ளங்கால் அவளுடையதாக இல்லை. செருப்பு தெருவிலேயே கழன்று கிடக்கும். அவள் வாசல் வரை வந்திருப்பாள். ஒருமுறை சுடுதண்ணீர் கொட்டி, தோல் உரிந்த பிறகுதான் கண்டாள்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அவளுடைய பெரியக்கா அங்கே இரண்டு காலோடு போய் ஒரு காலோடு வந்தவள்.

இப்போது அந்தக் காலை நம்பித்தான் அவர் அங்கே குந்தியிருக்கிறார்.

காலைப் பார்த்தால் கண்ணாடி தெரியாது. கண்ணாடியைப் பார்த்தால் கால் தெரியாது.

தொடை நடுங்கியது. அது தெரிந்தது. முட்டி வலித்தது. அதுவும் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

வெறுங்கால். வண்டியில் முருகர் படம் இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதுதான் அவள் வழக்கம். வியர்த்து வழுக்கினாலும் அவளுக்குச் சேதி வராது.

பின்னால் ஒயரைத் திருகும் சத்தம். திடீரென்று சுவரில் வெள்ளை வெளிச்சம்.

"எரியுது புள்ள!"

"அப்ப எந்திரிச்சு வாங்க."

"இரு, இரு. அந்தப் பக்கத்துதையும் பாத்துப்போடலாம். சாயங்காலம் பாப்பாவக் கூட்டியாறப்ப இருட்டிக்கும்."

மகள் ஏழு மாத வயிற்றோடு ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ஈரோடு ஸ்டேஷனுக்கு அவர்தான் வண்டி எடுத்துப் போக வேண்டும்.

அவள் காலைப் பார்த்தாள்.

பெடல் முன்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா? கொஞ்சம் மேலே வந்துவிட்டதா?

வண்டி ஒரு உதறு உதறியது.

"ஏனுங்க."

என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஏதோ பழைய மெட்டை முனகிக்கொண்டு திருகிக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்து அவள் கீழே அழுத்தினாள். வளையல் நசுங்கியது. மாவு பிசைவதுபோல முழு உடம்பையும் அந்த முட்டிமேல் கொடுத்தாள்.

"ஏனுங்க! எனக்குக் காலு தெரியலீங்க!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிக் கத்தியதில்லை.

முனகல் நின்றது.

அவர் எழவில்லை. ஓடவில்லை. அவர் குரல் மட்டும் வந்தது. மிரண்ட கன்றுக்குட்டியிடம் பேசுகிற மாதிரி, மெல்ல.

"சாவியத் திருப்பி வண்டிய அமத்து, கண்ணு. காலு அப்படியே இருக்கட்டும்."

கண்ணு. மகளைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

திருப்பினாள்.

என்ஜின் அடங்கியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்டது.

அவர் வந்து கதவைத் திறந்தார். திட்டு விழும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் காலைப் பெடலிலிருந்து எடுத்து, கவிழ்த்து வைத்த பாத்திரத்தைத் திருப்புவதுபோல உள்ளங்காலைத் திருப்பினார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்தார்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

"எப்பருந்து?"

"ஆடியில இருந்து."

"கிறுக்கி. சொல்றதுக்கென்ன?"

"வெட்டிப்போடுவாங்க."

"வெட்டறதுக்கு இதென்ன வாழத்தாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும்.

அவள் சிரித்ததில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அவளை இறக்கி எதிரே தரையில் உட்காரவைத்து, செருப்பை உதறினார். உட்கார்ந்தபடியே தன் வலது காலை நீட்டி அவள் மடியில் வைத்தார். ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுத்தார்.

"இதப் பாரு. ஆயுசுக்கும் லாரி ஓட்டுன காலு. எறும்பு ஏறுனாலும் சொல்லிப்போடுவேன். நான் கண்ண மூடிக்கறேன். எங்க வேண்ணாலும் வெய்யி."

கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கட்டைவிரலுக்குக் கீழே வைத்தாள்.

அவர் முகம் சிரித்தபடியே இருந்தது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். முனை பதிந்த இடத்தில் தோல் வெளுத்தது.

குதிகாலுக்கு நகர்த்தி, அங்கேயும் அழுத்தினாள்.

"ம், வெய்யி புள்ள," என்றார். "எதுக்குப் பயப்படற?"