முதல் கேள்வி

"யாரும் கேக்கலைன்னா நீ எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டுருடா," என்றார் தலைவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "முதல் தடவை பேச வந்திருக்கிற பொண்ணு. எல்லாரும் கம்முனு இருந்தா நொந்து போயிரும்."

தாடிக்காரன் சிரித்தான். "கேக்குறேன் தலைவரே. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் மாதம் ஒரு சாயங்காலம் கூடிப் பேசும் கூட்டம் அது. தலைவர் என்று பேர்தான். நாற்காலி போடுவது முதல் மைக் கட்டுவது வரை அவரேதான். பகலெல்லாம் ஆபீஸில் மாரடித்துவிட்டு வந்து இதையும் இழுத்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"போன மாசமே சொன்னேன்ல, இன்னையோட கடைசி. முடிஞ்சதும் மைக்ல சொல்லிடப் போறேன். போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் எதுக்குடா சாகணும்?"

தாடிக்காரன் அடுத்த நாற்காலியை எடுத்தான்.

பிள்ளை பெற்று, வீட்டோடு இருந்து, மறுபடி வேலைக்கு வந்தவள் அந்தப் பெண். இத்தனை மாதமும் கூட்டத்துக்கு வந்து கேட்டுவிட்டு மட்டும் போனவள். தான் எழுதிய புரோகிராம் ஒரே பார்சலை இரண்டிரண்டாக அனுப்பித் தன் மானத்தை வாங்கிய கதையைச் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் தெளிந்தது.

பேசி முடித்ததும் ஹால் அடங்கிப்போனது. தலைவர் தாடிக்காரனுக்குக் கண்ணைக் காட்டுவதற்குள் முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஜன்னலோரம் ஒன்று. பின்னால் இன்னும் இரண்டு.

எல்லாமே உருப்படியான கேள்விகள். அவளும் யோசிக்கவே இல்லை, கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்து நின்றது. தாடிக்காரன் எழுந்து பாதியில் திக்கியபோது, மீதிக் கேள்வியை அவளே கேட்டு அவளே பதிலும் சொன்னாள். ஹாலே சிரித்தது.

தலைவருக்கு இடுப்பு வலி கூட மறந்துவிட்டது. மைக்கை வாங்கியவர், "அடுத்த மாசம் பாப்போம்," என்று மட்டும் சொன்னார்.

நாற்காலி அடுக்கும்போது அவளிடம் வந்தார். "உண்மையச் சொல்லிடுறேம்மா. நீ சங்கடப்படக் கூடாதுன்னு தாடிகிட்ட ஒரு கேள்விக்குச் சொல்லி வச்சிருந்தேன். தேவையே படலை. இந்தக் கூட்டத்தையே இழுத்து மூடலாம்னு இருந்தேன், இத்தனை பேர் ஆசையாக் கேக்கும்போது எப்படி மூடுறது?"

அவள் தாடிக்காரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்க நிறுத்தப் போறீங்கன்னு இவர் போன மாசமே சொல்லிட்டாருண்ணே. வீட்டையும் பிள்ளையையும் விட்டா எனக்கு இந்த ஒரு சாயங்காலம்தான்."

கையிலிருந்த நாற்காலியை மெதுவாக அடுக்கின் மேல் வைத்தாள்.

"அத்தனை கேள்வியும் நான் சொல்லிக் கொடுத்ததுண்ணே."