முப்பது தடவை எழுதிய டாக்டர்

"அந்த ஆளுக்குத் தலையில ஏதோ கோளாறு மேடம்!" மந்தாசி போண்டாவைக் கடித்துக்கொண்டே சிரித்தான் லகாட்.

நைரோபியில் இருந்த அந்த மருந்துக் கம்பெனி, ஊர் ஊராக டாக்டர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தியது. யார் பார்த்தார்கள், பரீட்சையில் எத்தனை மார்க் என்று கணினியில் அலசுவது லகாட்டின் வேலை. பாடங்களைத் தயாரிப்பவள் டாக்டர் நபூலா. பாம்புக்கடி பற்றிய தொடர் பாடத்துக்காக ராப்பகலாக உழைத்திருந்தாள், பாவம்.

"வடக்கே துர்கானா மாவட்டம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு டாக்டர்தான் பாடம் பார்க்கறார். லோட்வார் ஊர்க்காரர், பேர் எகாய். பாடத்தைப் பார்த்தது ஒரு தடவை, பரீட்சை எழுதினது முப்பது தடவை! முதல்ல நூறு மார்க், அப்புறம் இருபது, அப்புறம் எழுபது. எழுத எழுத மறந்து போகுது போல."

மேலதிகாரி ஓமோலோ எட்டிப் பார்த்தார். "ஒரே ஒரு அரைக்கிறுக்கனுக்காக இவ்வளவு செலவாம்மா? துர்கானாவுக்கு இன்னிக்குப் பாடத்தோட மூட்டை கட்டிடு."

நபூலாவுக்குப் பகீரென்றது. "மழை வரப்போகுது சார், பாம்பு வெளிய வர்ற நேரம். இப்ப நிறுத்தினா உயிர் போகும்."

"கணக்கு பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார். ஆனா அந்த மனுஷனை ஒரு வார்த்தை கேட்டா என்ன கெட்டுப்போச்சு?"

பாடம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. எகாய் அதற்குள் ஆன்லைனில் வந்து காத்திருந்தார். நபூலா வீடியோவில் அழைத்தாள்.

"டாக்டர், போன பரீட்சையை முப்பது தடவையா எழுதினீங்க?"

எகாய் திருதிருவென்று விழித்தார். "கண்டுபிடிச்சுட்டீங்களா? தப்புதான் மேடம். என்ன வேணா திட்டுங்க, பாடத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

"முதல்ல காரணத்தைச் சொல்லுய்யா!" என்று உறுமினார் ஓமோலோ.

எகாய் தயங்கித் தயங்கித் தன் போனைத் திருப்பினார். அது ஒரு சர்ச். பெஞ்சிலும் தரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு அந்த வட்டாரத்து டாக்டர்களும் நர்ஸுகளும். நபூலாவைக் கண்டதும் எல்லாரும் கையாட்டினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

"ஆளாளுக்கு நெட் போட இங்க யாருக்கு சார் கட்டுப்படியாகும்?" என்றார் எகாய். "எல்லாரும் காசு போட்டு ஒரே போன்ல பாடம் பார்க்கறோம். பரீட்சையை மட்டும் காப்பியடிக்காம, வரிசையில நின்னு, ஒவ்வொருத்தரா என் பேர்ல எழுதறோம்!"