கேரியரில் அண்ணாச்சி

"எவம்ல என் பேரைக் குடுத்தவன்? மூஞ்சியக் காட்டுங்கல பாப்போம்!"

கேரளத்து விதுராவில், கோடைத் திருவிழாவான வேனல் மேளாவின் பந்தலே திரும்பிப் பார்த்தது. பாத்திரக் கடை நெல்லையப்பன் சத்தம் போட்டால் அடுக்கி வைத்த அலுமினியச் சட்டியும் அதிரும்.

விஷயம் இதுதான். 'தம்பதி சைக்கிள் சவாரி' என்று நோட்டீஸ். ஒருவர் மிதிக்க, ஒருவர் கேரியரில் குடை பிடித்தபடி கடைத்தெருவைச் சுற்றி வரவேண்டும். யாரும் கால் ஊன்றக் கூடாது. அதில் நெல்லையப்பன், உலகம்மாள் என்று பெயர் அச்சாகியிருந்தது.

"அண்ணாச்சி, சைக்கிள்லயே வியாபாரம் பண்ணி வந்த ஆள் நீங்களல்லே! எதுக்கு இத்தர கோபம்?" என்றார் மேளா செயலாளர் ஸ்ரீகுமார்.

அங்கேதான் இடித்தது.

நெல்லையப்பன் சைக்கிளில் பாத்திரம் விற்றது சத்தியம். ஆனால் முன்னும் பின்னும் சட்டி பானை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாரே தவிர, ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. கடை வைத்த பிறகு கற்றுக்கொள்ள வெட்கம். "சைக்கிள் மிதிச்சே மேல வந்தவர்" என்று ஊர் சொன்னபோதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டதோடு சரி. இன்றைக்கு ஏறி விழுந்தால் அத்தனை வருஷ மீசையும் மண்ணில்.

பேரத்தில் இறங்கினார்.

"பேரை எடுத்திரும். மேளாவுக்குப் பாயச அண்டா ஒண்ணு என் செலவு."

"போஸ்டர் ஒட்டியாச்சு அண்ணாச்சி."

"சரி, ரெண்டு அண்டா."

"முடியாது."

"அப்பம் ரோட்டைக் குறையும். சந்தை வரைக்கும் எதுக்கு? பஸ் ஸ்டாண்டோட நிப்பாட்டும்."

"இது எந்தா அண்ணாச்சி, பாத்திரமா பேரம் பேச?"

அதற்குள் அறிவிப்பு செய்துகொண்டிருந்த சிஜி டீச்சர் மைக்கில் அவர்கள் பெயரை வாசித்துவிட்டாள். உலகம்மாள் பட்டுச்சேலை கட்டி, மேளாக் குடையோடு புறப்படும் கோட்டருகே நின்றாள். முகத்தில் கல்யாணக் களை.

கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டிருக்கிறாள், "ஒரு தடவை என்னை சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று. அவரும், "லோடு இருக்கு", "உன்னை ஏத்துனா டயர் தாங்காது" என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பார்.

விசில் ஊதினார்கள். மற்ற ஜோடிகள் ஆடி அசைந்து கிளம்பின. நெல்லையப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வியர்த்து நின்றார்.

"என்னங்க, ஏறுங்க."

அவர் குனிந்து அவள் காதருகே சொன்னார். "ஏட்டி உலகு… எனக்கு ஓட்டத் தெரியாது."

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.

"இம்புட்டுதானா? என்னைய ஏத்திட்டுப் போக உங்களுக்குக் கேவலமா இருக்குன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சேன்! ஊர் முன்னாடி பேரைக் குடுத்தா மாட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னுதான்…"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெல்லையப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"தள்ளி நில்லுங்க" என்று சேலையைச் செருகினாள் உலகம்மாள். "போனக்காடு எஸ்டேட்டு மேட்டுல ஓட்டிப் படிச்சவ நான். குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால உக்காருங்க." கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "அவருக்குக் கால் சுளுக்கு!"

கேரியர் முனகியது. பூப்போட்ட குடையோடு அண்ணாச்சி கடைத்தெருவில் பவனி வந்தார்.

"ஏல ஆட்டோ, ஒதுங்குல! பொம்பள வண்டி ஓட்டுதா, கண்ணு தெரியலையா?"

"நீங்க மொதல்ல குடையைத் தூக்கிப் பிடிங்க. எனக்கு ரோடே தெரியல!"

கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆனால் கால் ஊன்றவில்லை. கைதட்டல் முழுக்க அவர்களுக்குத்தான்.

சிஜி டீச்சர் மைக்கில் உருகினாள். "ஓட்டத் தெரிஞ்சிருந்தும் சுளுக்குன்னு சாக்குச் சொல்லி மனைவிக்கு விட்டுக்கொடுத்த நம்ம அண்ணாச்சி! ஆண்கள் பார்த்துப் படிக்கணும்!"

சால்வை போர்த்தினார்கள். உலகம்மாள் 'பேசாம இருங்க' என்று கண்ணைக் காட்டினாள். அவர் கை தானாக மீசைக்குப் போனது. பாதியில் நின்றது. சால்வையை உருவி அவள் தோளில் போட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கினார் நெல்லையப்பன்.

"சுளுக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இம்புட்டு நாளும் தள்ளிக்கிட்டுத்தான் திரிஞ்சேன்!"

உலகம்மாள் பக்கம் விரலை நீட்டினார்.

"என் பேரைக் குடுத்தது யாருன்னு இப்பம் தெரிஞ்சுபோச்சு. சும்மா விடமாட்டேன். அந்த ஆளு நாளைக்கு விடிஞ்சதும் மரியாதையா வந்து எனக்கு சைக்கிள் படிச்சுக் குடுக்கணும். அடுத்த மேளாவுல அவளைப் பின்னால உக்கார வச்சு நான் மிதிக்கணும்!"