நாலு அங்குலம் தள்ளி

"உங்க பையன் கொஞ்சம் இறங்கி வந்தா கால் தேஞ்சிடுமாங்க ஐயா?" என்று கேட்டார், வேனுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்.

பெரியவர் சிரித்து மழுப்பினார். வேனை ஓட்டி வந்தது அவர். முன்மூடியைத் திறந்து விட்டதும் அவர். இப்போது குனிந்து எண்ணெய்த் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அவர்தான். முப்பது வயது மகனோ முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, துரை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் மலை ஏறும்போது மூன்றாவது வளைவிலேயே கியர் பெட்டி கொதித்து, வண்டி நின்றுவிட்டதாம். ஆற வைத்து மெதுவாகத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி, வயதும் ஆகிவிட்டது. கியர் ஆயிலை ஆற்றுவதற்கென்று முன்னால் தனியாக ஒரு கூலர் மாட்டினால் ஏறிவிடும் என்று மெக்கானிக்தான் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கே முடிஞ்சிடுமாப்பா?" என்று பெரியவர் நாலாவது தடவையாகக் கேட்டார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மேல இருக்கணும். நாலு மாசம் காத்திருந்து ஒரு படுக்கை கிடைச்சிருக்கு. வரலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"வேற வண்டி பிடிச்சுப் போகலாமே?"

"அந்த ரோட்டுக்கு எவன் வர்றான்? கேட்டுப் பாத்தாச்சு."

மெக்கானிக்கின் கை நின்றது. மலை மேலே இருப்பது மூன்றே கட்டடங்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு முதியோர் இல்லம். எழுபது வயதுக்காரர் பள்ளிக்கூடத்துக்கா போகப் போகிறார்? இப்படி ஓடியாடி வேலை செய்கிறவருக்கு ஆஸ்பத்திரியும் எதற்கு?

"வண்டி எப்ப திரும்பும்?"

"வண்டி அன்னைக்கே திரும்பிடும்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தி முடுக்கிவிட்டு, கை துடைக்கத் துணி தேடி மெக்கானிக் வேனின் பின் கதவைத் திறந்தார். ஒரு பெட்டி, மடித்த போர்வை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். எல்லாம் ஒற்றை ஆளுக்கு.

பெட்டியின் மேல் ஒரு ஜோடி புதுச் செருப்பு இருந்தது. அதில் ஒன்றிலேயே பெரியவரின் இரண்டு பாதமும் நுழைந்துவிடும். பெற்றவரின் கால் அளவுகூடத் தெரியாமல் வாங்கிக் கொடுத்து வழியனுப்பி வைக்கிறான், மகாராசன்.

அப்பனைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருகிற ஆட்களைக் கண்டாலே மெக்கானிக்குக்கு ஆகாது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம்தான். கேட்டு எவன் திருந்தினான்?

மறுபடி வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார். ஆயில் கியர் பெட்டிக்குத் திரும்பி வருகிற இரும்புக் குழாயை வெட்டி, வெட்டிய முனையில் ரப்பர் ஹோஸை ஏற்றி, கூலரோடு இணைக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்று முன்பே சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

கோட்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, கியர் பெட்டியை ஒட்டி வெட்டினார். மிஞ்சிய துண்டில் இனி எந்த ஹோஸும் நிற்காது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் வேண்டுமென்றே தப்பாக வெட்டியது இதுதான் முதல் தடவை. மனசு லேசாகத்தான் இருந்தது.

வெளியே வந்து, பெரியவரைத் தோளைத் தொட்டுப் பட்டறையின் மூலைக்குக் கூட்டிப்போனார்.

"ஐயா, இனிமே மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. குழாய் வீணாப் போச்சு. புதுசு திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் வண்டி ஒரு அடி நகராது."

"கை தவறிடுச்சாப்பா?"

"தவறல, தெரிஞ்சேதான் வெட்டினேன். நீங்க எங்கயும் போக வேண்டாம், உங்க வீட்லயே இருங்க. பெத்த புள்ளைக்கு இல்லாத அக்கறை வேற யாருக்காவது இருக்கணும்ல?"

பெரியவர் கையிலிருந்த தட்டு சாய்ந்து, சிவப்பு ஆயில் அவர் காலடியில் ஓடியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"ஆஸ்பத்திரில திங்கக்கிழமை வரைக்கும் படுக்கையை வச்சிருக்க மாட்டாங்களேப்பா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"ஆஸ்பத்திரியா?"

பெரியவர் பதில் சொல்வதற்குள் வேனுக்குள்ளிருந்து மகன் கண்ணாடியைத் தட்டினான். அவனுக்கு இறங்க வேண்டும்போல. பெரியவர் அவசரமாகப் பின் கதவுக்குப் போய் அந்தப் புதுச் செருப்பை எடுத்து வந்தார்.

முன் கதவைத் திறந்து தரையில் உட்கார்ந்தார். தூண் மாதிரி வீங்கியிருந்த மகனின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் மடியில் வைத்து, செருப்பை மாட்டினார். அளவு சரியாக இருந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே மகனுக்கு மூச்சு வாங்கியது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, மெக்கானிக்கைப் பார்த்து நன்றியோடு தலையசைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு ராத்திரியாவது... இப்படி உக்காந்தே இருக்காம... படுத்துத் தூங்கலாம்லப்பா?"