பதுக்கல்

பழைய இரும்புக் கடை தங்கப்பழம் காய்ச்சலில் படுத்து ஆறு நாள். ரத்தத்தில் இரும்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் மனைவி சந்தனக்கனி சிரித்தாள். "ஊரு இரும்பெல்லாம் ஒங்க கடையில கெடக்கு, ஒடம்புல இல்லையாக்கும்!" மகளின் பிரசவத்தில் மிஞ்சிய இரும்பு மாத்திரைகளைப் பொடித்து, யாரையும் கேட்காமல் தினமும் கஞ்சியில் கலந்தாள்.

இன்று டாக்டரம்மா சொன்னார்: "குறைவு இல்லம்மா, பதுக்கல். கிருமி பெருகறதுக்கு இரும்பு வேணும். அதான் உடம்பே அதை ஈரலுக்குள்ள ஒளிச்சு வச்சிடுச்சு. அப்படியும் கிருமி ஏன் பெருகுதுன்னுதான் தெரியல."

"கள்ளன் வந்தா நாங்களும் சரக்கு இல்லன்னுதான் சொல்லுவோம்," என்றார் தங்கப்பழம், மூச்சு வாங்க.

சந்தனக்கனி கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை முந்தானையால் மூடினாள்.

"இவ ஊட்டுற கஞ்சியிலதான், டாக்டரம்மா, என் உசுரு நிக்கி," என்று அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.